சொல்லித் தராத பொறுப்பு

பள்ளியின் முதல் மணிக்கு முன்னே வந்து, கடைசிப் பேருந்துக்குப் பின்னே வீடு திரும்பி, அப்படியே ஆயுளைக் கரைத்துக்கொண்ட எங்கள் கூட்டமைப்பின் தலைவர், மதிப்பிற்குரிய ஐயா ஆறுமுகசாமி அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் ஆன்றோர் பெருமக்களே! நெய்யாற்றின்கரையிலிருந்தும் நெடுமங்காட்டிலிருந்தும் மழையில் நனைந்து, பஸ் மாறி பஸ் ஏறி வந்திருக்கும் பள்ளி அலுவலகத் தோழர்களே, தோழியரே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு, வலியசாலையின் இந்தச் சின்ன மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! மகள் பார்க்கிற வேலைதான் என்ன என்று இன்றைக்காவது விளங்குமா பார்ப்போம் என முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும், என்னைப் பெற்ற அன்னை சரஸ்வதியம்மாளே! உங்கள் அனைவரையும் திவ்யலட்சுமி ஆகிய நான் தலை தாழ்த்தி வணங்குகிறேன்.

அழைப்பிதழைப் பார்த்தேன். என் பேச்சுக்கு, ‘பள்ளி நிர்வாகத்தில் பல பொறுப்புகளும் பணித்திறன் வளர்ச்சியும்’ என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். அழகான தலைப்பு. அடக்கமான தலைப்பு. யார் மனத்தையும் புண்படுத்தாத தலைப்பு. ஆனால், அவையோரே, அந்த அழகான தலைப்புக்குள்ளே ஒரு பெண்ணின் சாம்பல் கிடக்கிறது. அதைத் தொடாமல் என்னால் பேச முடியாது. தொட்டால் கை சுடும். சுட்டாலும் பரவாயில்லை என்றுதான் மேடையேறியிருக்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். நாம் யார்? ஆசிரியரா? இல்லை. அதிகாரியா? அதுவும் இல்லை. நாற்காலியில் பெயர்ப்பலகை இருக்கிறது, அலுவலகக் கண்காணிப்பாளர் என்று. அந்தப் பெயருக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளிந்திருக்கிறார்கள்? சேர்க்கைக்கு வருகிறவர்களுக்கு நாமே வாசல். சம்பளப் பட்டியல் நாம். பேருந்து நாம். சீருடைத் துணி நாம். அரசாங்க இணையதளத்தில் விவரம் ஏற்றுவது நாம். கழிவறையில் தண்ணீர் வரவில்லையென்றால் நாம். மேற்கூரையில் தண்ணீர் வந்தாலும் நாம்!

பின்வரிசையில் ஓர் அண்ணாச்சி, “நாயைப் பிடிக்கவும் நாமதான்” என்கிறார். ஆமாம் அண்ணாச்சி. வளாகத்தில் தெருநாய் நுழைந்தால் முதலில் அடிக்கிற மணி நம் மேசை மணிதான். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் சிரிக்க முடியாது.

என் தோழி ஒருத்தி. பெயர் ஜெபமலர். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். படித்தது, வாழ்க்கைப்பட்டது, வேலை பார்த்தது எல்லாம் இந்தத் திருவனந்தபுரத்தில். கழக்கூட்டத்தில், கணினிப் பூங்காவுக்குப் பின்னால், அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு தனியார் பள்ளி. அதன் அலுவலகக் கண்காணிப்பாளர். பள்ளியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை, வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அப்பாவும் அம்மாவும் கணினி முன் அமர்ந்திருக்கும் வீடுகளின் பிள்ளைகள் படிக்கிற பள்ளி. அதனால் மதியச் சாப்பாடு பள்ளியிலேயே. சுடச்சுடச் சோறு, சாம்பார், தேங்காய் போட்ட தோரன் கறி, மோர். விளம்பரப் பலகையில் முதல் வரியே அதுதான்.

அந்தச் சோற்றை ஆக்கிப் போட்டவள் சுடலைமாடத்தி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கணவர் பிச்சையா, அதே கழக்கூட்டத்தில் அடுக்குமாடி கட்டுகிற கொத்தனார். ஒரே மகள் பொன்செல்வி. அம்மா சமைக்கிற பள்ளியிலேயே அவளுக்கும் இடம் வாங்கிக் கொடுத்தவள் ஜெபமலர். சும்மா கிடைத்த இடம் அல்ல அது. செயலாளர் அறைக்கு நடையாய் நடந்து, கேட்டுக் கேட்டு, அவர் சலித்துப்போய்க் கொடுத்த இடம்.

ஒருநாள் காலை ஜெபமலரின் மேசைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒற்றை வரி. இன்றுமுதல் பள்ளியின் பாதுகாப்பு அலுவலராகவும் தாங்களே செயல்படுவீர்கள். அவ்வளவுதான். ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், ஒரு பெயர் வேண்டும், ஒரு பெயரைப் போட்டாயிற்று. அன்று சாயங்காலம் என்னிடம் தொலைபேசியில் சொன்னாள். “திவ்யா, பஸ்ஸுக்கும் சோத்துக்கும் நடுவில இப்ப தீயும் என் தலையிலதான்.” இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆனால் அவள் சிரித்துவிட்டு இருந்துவிடவில்லை. அதைத்தான் இந்த அவை குறித்துக்கொள்ள வேண்டும். பொறுப்பு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “இதை எங்கே கற்றுக்கொள்வது?” என்பது. தம்பானூரில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் பள்ளி அலுவலர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடப்பதைக் கேள்விப்பட்டு, எனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்தவள் அவள்தான். செயலாளரிடம் அனுமதி கேட்டு, அவர் தட்டிக்கழிக்க, மறுபடி கேட்டு, அவர் தள்ளிப்போட, மறுபடியும் போய் நின்று வாங்கி வந்தாள்.

பயிற்சி நாள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்தோம். பள்ளிக்கூடம் போகிற சிறுமியைப் போல அவள் புதுப் பேனா வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். காலையில் முதலுதவி சொல்லித் தந்தார்கள். அது முடிந்து தேநீர். தேநீருக்குப் பின் தீயும் எரிவாயுவும். ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர், மீசை முறுக்கிய மனிதர், மேசைமேல் ஒரு சிலிண்டரை ஏற்றி வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஜெபமலரின் தொலைபேசி அடித்தது.

பக்கத்தில் இருந்த எனக்குச் செயலாளரின் மலையாளம் கலந்த குரல் அட்சரம் பிசகாமல் கேட்டது. “ஜெபமலரே, அட்மிஷனுக்கு ஆளுக இவிடெ வந்து நிக்கிறாங்க. சர்வர் வேறே போயி. ஒந்நு வேகம் வா.”

“சார், இப்பதான் முக்கியமான கிளாஸ் தொடங்குது. மத்தியானம் வரையாவது...”

“ட்ரெய்னிங் அடுத்த வருஷமும் வரும். அட்மிஷன் வருமோ? நீங்க இல்லாம இங்க ஒரு காரியமும் நடக்காது, கேட்டோ.”

நீங்கள் இல்லாமல் இங்கே ஒரு காரியமும் நடக்காது! தோழர்களே, தோழியரே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டு உள்ளுக்குள் குளிராதவர் நம்மில் யார்? காய்ச்சலோடு வேலைக்கு வந்தது எதனால்? இந்த வாக்கியத்தால். பிள்ளையின் ஆண்டுவிழாவுக்குப் போகாமல் இருந்தது எதனால்? இந்த வாக்கியத்தால். பாராட்டுப் போலத்தான் ஒலிக்கும். பரிவு போலத்தான் இனிக்கும். ஆனால் அது கயிறு, அவையோரே. பூச்சுற்றிய கயிறு.

நான் சொன்னேன், “இருந்துட்டுப் போயேன் ஜெபா. ஒரு மணி நேரத்துல என்ன குடிமுழுகிப் போயிடும்?” அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். “என்னத்த செய்ய திவ்யா? ஆளுங்க நிக்காங்களாம்.” போய்விட்டாள். அவள் படியிறங்கிப் போனதுமே அந்த மீசைக்காரர் மேசையைத் தட்டிச் சொன்ன முதல் பாடம் இது: “கேஸ் வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதே. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. லைட்டோ, ஃபேனோ, எதுவானாலும் சரி. ஸ்விட்சில் கை வெச்சால் தீர்ந்நு!”

அந்தப் பாடத்தை நான் கேட்டேன். கேட்க வேண்டியவள் அப்போது ஓட்டல் வாசலில் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

மறு மழைக்காலம் வந்தது. உங்களுக்கே தெரியும், நம் ஊர் ஆடி மாத மழை எப்படியென்று. பகலிலேயே இருட்டிக்கொண்டு வரும். அப்படி ஒரு காலை. பள்ளியின் பேருந்து ஒன்று நெடுஞ்சாலையில், பிள்ளைகளோடு நடுவழியில் நின்றுவிட்டது. ஜெபமலர் ஒரு காதில் ஓட்டுநரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். மேசைக்கு முன்னால் ஒரு தகப்பனார், மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டுமென்று குரலை உயர்த்திக்கொண்டிருக்கிறார். கணினித் திரையில் அரசாங்கத்துக்கு அன்றைக்கே ஏற்ற வேண்டிய விவரம் பாதியில் நிற்கிறது. அந்த நேரத்தில் மேசையில் இருந்த இன்னொரு தொலைபேசி. சமையல்கட்டிலிருந்து.

சுடலைமாடத்தியின் குரல். “மேடம், சிலிண்டர் மாத்துனதுல இருந்து ஒரு மாதிரி வாடையா இருக்கு. காய் நறுக்குற பொம்பளைகள வெளிய அனுப்பிட்டேன். அடுப்பு பத்த வைக்கல. இப்ப நான் என்ன செய்யட்டும்?”

கவனியுங்கள். அவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள். ஆட்களை வெளியே அனுப்பினாள். அடுப்பைத் தொடவில்லை. அதற்குமேல் தெரியவில்லை, தெரிந்தவரைக் கேட்போம் என்று பாதுகாப்பு அலுவலரைக் கேட்டாள். ஒரு சமையல்காரி இதைவிட முறையாக என்ன செய்ய முடியும்?

பாதுகாப்பு அலுவலர் என்ன சொன்னாள்? ஒரு காதில் பேருந்து, எதிரில் தகப்பனார், கண்ணில் கணினித் திரை. அந்த நெரிசலுக்குள் நின்று, நம் வீட்டில் அடுப்படியில் புகை சூழ்ந்தால் நாமெல்லாம் என்ன சொல்வோமோ, அதையே சொன்னாள். “அக்கா, கதவைத் தொறந்து வையுங்க. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்க, வாடை வெளிய போவட்டும். நான் இந்தா வாறேன்.”

ஃபேனைப் போடுங்கள்.

அவள் ஓடித்தான் போனாள். தகப்பனாரை அப்படியே விட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல், மழைக்குள் ஓடினாள். சமையல்கட்டுக்குப் போகிற நடைபாதையில் திரும்பும்போது சத்தம் கேட்டது. தகரக் கூரை எழும்பி விழுந்தது. பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெளியே நின்ற பெண்களுக்கும் ஒன்றும் இல்லை. உள்ளே, சுவரில் இருந்த ஸ்விட்சுக்குப் பக்கத்தில், ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

நெருப்பு அவளை என்ன செய்தது என்பதை இந்த மேடையில் நான் சொல்லமாட்டேன். தாய்மார்கள் இருக்கிறீர்கள். ஆனால் அவள் என்ன செய்தாள் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

மருத்துவமனையில் வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வந்தார். பேசுகிற நிலையில் அவள் வெகு நேரம் இருக்கமாட்டாள் என்று மருத்துவர்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஃபேனைப் போட்டது யார் என்று கேட்டார். நான், என்றாள். யாராவது போடச் சொன்னார்களா என்று கேட்டார். அவள் சொன்னாள்: “யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்.”

அவையோரே! தொலைபேசியில் பேசியது இரண்டே பேர். இந்தப் பக்கம் ஜெபமலர், அந்தப் பக்கம் சுடலைமாடத்தி. எதிரில் நின்ற தகப்பனார் தன் சத்தத்திலேயே இருந்தார்; மூன்றாவது காது அதைக் கேட்கவில்லை. சாகப்போகிறவள் சொன்ன சாட்சி. அதை மறுக்க இந்தப் பூமியில் ஒரே ஒருத்தியால்தான் முடியும்.

அந்த ஒருத்தி, அன்று மாலை, தீக்காயப் பிரிவின் வாசலில் என்னோடு நின்றுகொண்டிருந்தாள். செவிலி ஒரு நிமிடம் உள்ளே விட்டார். நானும் கூடப் போனேன். ஜெபமலர் குனிந்து கேட்டாள். “ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க? நான்தானே...”

சுடலைமாடத்தி கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். “ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ரெண்டு பேருல ஒருத்தி மாட்டுனாப் போதும் மேடம். பொன்செல்வி படிப்பை மட்டும் பாத்துக்கிடுங்க.”

தெரியாத இரண்டு பேர்! பட்டம் வாங்கிய ஒருத்தியையும் பள்ளிக்கூடம் முடிக்காத ஒருத்தியையும் அந்த ஒரு சொல்லில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துவிட்டாள். விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

...வேண்டாம். கைதட்ட வேண்டாம் ஐயா. இது கைதட்டுகிற இடமில்லை.

அடுத்த நாள் பிணவறைக்கு வெளியே, வேப்ப மரத்தடியில், பிச்சையா உட்கார்ந்திருந்தார். கட்டட வேலையிலிருந்து அப்படியே வந்தவர். காலில் சிமெண்டு காய்ந்திருந்தது. மகளை யாரோ அழைத்துப் போயிருந்தார்கள். ஜெபமலர் நேரே அவரிடம் போனாள். நான் தடுத்தேன். “இப்ப வேண்டாம் ஜெபா. காரியமெல்லாம் முடியட்டும்” என்றேன். அவள் கேட்கவில்லை.

“அண்ணாச்சி, ஃபேனைப் போடச் சொன்னது நான். அவங்க என்னைக் காப்பாத்த மாத்திச் சொல்லிட்டாங்க.”

பிச்சையா நிமிர்ந்து பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் கேட்டார், “நீங்க படிச்சவுகதான?”

“ஆமா.”

“ஒங்களத்தான் அதுக்குன்னு வச்சிருந்தாக?”

“ஆமா.”

“பொறவு எப்படித் தெரியாமப் போச்சு?”

ஓட்டல் மண்டபத்தையும் தேநீரையும் செயலாளரின் அழைப்பையும் அந்த மனிதரிடம் சொல்ல முடியுமா? சொல்லலாம், ஆனால் சொல்ல வாய் வருமா? பிச்சையா தலை குனிந்துகொண்டார். “போயிருங்க. எங் கண்ணு முன்னால நிக்காதீங்க.”

மன்னித்தார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மேடையில் அப்படிச் சொன்னால் உங்கள் நெஞ்சு கொஞ்சம் ஆறும். ஆனால் அவர் மன்னிக்கவில்லை. இன்றுவரை மன்னிக்கவில்லை. அது அவர் உரிமை.

இனி நிர்வாகத்தின் பக்கம் வருவோம். அங்கே துக்கம் இருந்ததா? இருந்தது. மாலை வாங்கினார்கள், விடுமுறை விட்டார்கள். அதோடு கூடவே ஒரு நிம்மதியும் இருந்தது. செத்தவளே சொல்லிவிட்டாள், நானாகத்தான் போட்டேன் என்று! இனி யார் யாரை என்ன கேட்க முடியும்? சமையல்காரியின் கவனக்குறைவு. இந்த இரண்டு சொற்களில் கதை முடிந்துவிடும். அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியதும் அதோடு முடிந்துவிடும்.

விபத்தைப் பற்றிய விசாரணைக்கு முன்தினம் செயலாளர் ஜெபமலரை அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தினார். “ஜெபமலர், அவளே சொல்லிக் கழிஞ்சில்லே? இனி நீங்க ஒண்ணும் சொல்லண்டா. வேலை இருக்கு, புரமோஷனும் பார்க்கலாம். சாரமில்ல, பயப்படாதீங்க, எல்லாம் சரியாகும்.”

“சார், நான் சொன்னதைத்தான் அவங்க செய்தாங்க.”

“அது யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும் சார்.”

எவ்வளவு சின்னப் பதில்! ஆனால் அந்தப் பதிலுக்கு அவள் என்னவெல்லாம் கொடுக்க வேண்டியிருந்தது, தெரியுமா? வாய் திறக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அவள் அந்த நாற்காலியில் இருப்பாள். வாய் திறந்தால் வேலை போகும், வழக்கு வரும், ஊர் தூற்றும், தேவாலயத்தில் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் தள்ளி உட்காருவார்கள். எல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டில் கணவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார், பிள்ளைகள் முகத்தைப் பார் என்று. பார்த்தாள். பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னாள்.

விசாரணை அறையில் எழுந்து நின்று அவள் சொன்னது இவ்வளவுதான்: “ஃபேனைப் போடச் சொன்னது நான். எரிவாயு கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரியாத என்னைப் பாதுகாப்பு அலுவலர் ஆக்கினார்கள். தெரிந்துகொள்ளப் போன இடத்திலிருந்து திருப்பிக் கூப்பிட்டார்கள். நானும் திரும்பி வந்தேன். கூப்பிட்டது அவர்கள் தப்பு. வந்தது என் தப்பு. சுடலைமாடத்தி எந்தத் தப்பும் செய்யவில்லை.”

செயலாளர் எழுந்தார். “பயிற்சிக்கு நாங்கள் அனுப்பினோமே! காலையில் இவர் வந்து அமர்ந்ததற்குச் சாட்சி உண்டு” என்றார். பார்த்தீர்களா சாமர்த்தியத்தை? அனுப்பியது அவர்களுக்கு நினைவிருக்கிறது. கூப்பிட்டது மட்டும் மறந்துவிட்டது!

கூப்பிட்டபோது பக்கத்து நாற்காலியில் இருந்தது நான். சாட்சி சொல்லப் போனேன். என் பள்ளியின் மேலாளர் என்னிடம், “வேறே ஸ்கூல் காரியத்தில் நமக்கு எந்தா திவ்யா?” என்றார். நான் வீரமெல்லாம் எதுவும் காட்டவில்லை, அவையோரே. காதால் கேட்டதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

என்ன ஆயிற்று என்கிறீர்களா? முன்வரிசையில் அம்மா ஒருவர் கேட்கிறார். சொல்கிறேன். சுடலைமாடத்தியின் பெயரோடு ஒட்டியிருந்த ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை நீக்கினார்கள். அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. பிச்சையா மகளை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். பொன்செல்வி அங்கே அத்தை வீட்டிலிருந்து படிக்கிறாள். குற்றப் பத்திரிகையில் முதல் பெயர் ஜெபமலர். இரண்டாவதாகச் செயலாளர் பெயரும் சேர்ந்தது. அவர் அதை எதிர்த்து உயர் நீதிமன்றம் போயிருக்கிறார். விசாரணையின் மறுநாளே பள்ளி ஜெபமலரை வேலையிலிருந்து நீக்கியது. இப்போது ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறாள். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர். “உண்மையைச் சொன்ன புள்ளை” என்று வேலை கொடுத்தாராம். கோர்ட்டு நாளில் மட்டும் விடுப்பு எடுக்கிறாள்.

இந்தக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டேன். “நான் வரல” என்றாள். “நீ சொல்லு. ஆனா என்னை நல்லவளா ஆக்கிச் சொல்லாத திவ்யா. அக்கா திரும்பி வரப்போறதில்ல.” அவள் கேட்டுக்கொண்டபடியே சொல்ல முயன்றிருக்கிறேன். எங்காவது தவறியிருந்தால் அது தோழமையின் தவறு.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இரங்கல் சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். முடியவில்லையே! ஜெபமலர் இருந்த நாற்காலியில் இப்போது அஞ்சு என்றொரு பெண் இருக்கிறாள். படிப்பை முடித்துவிட்டு முதல் வேலைக்கு வந்தவள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். சேர்ந்த வாரமே அவளுக்கும் ஒரு சுற்றறிக்கை கொடுத்திருக்கிறார்கள். என்ன பொறுப்பு? பாதுகாப்பு அலுவலர்! “பயிற்சி கொடுத்தாங்களாம்மா?” என்று கேட்டேன். “இல்ல ஆன்ட்டி. அடுத்த தடவை அனுப்பலாம்னு சொன்னாங்க” என்றாள். புதுச் சுவர் எழுப்பிவிட்டார்கள், புதுக் கூரை போட்டுவிட்டார்கள். உள்ளே உட்கார வைத்திருப்பது மட்டும் அதே அறியாமையை!

இது ஒரு பள்ளியின் கொடுமையா? ஒரு செயலாளரின் குணமா? உங்களையே கேட்கிறேன். இந்த மண்டபத்தில் யார் யாருக்கெல்லாம் பாதுகாப்பு அலுவலர் என்ற பொறுப்பு இருக்கிறது? கை தூக்குங்கள். கூச்சப்படாதீர்கள், தூக்குங்கள்.

அடடா! தலைவர் ஐயா, பாருங்கள். ஏறக்குறைய மண்டபம் முழுக்கக் கைகள்.

இறக்க வேண்டாம். அப்படியே இருக்கட்டும். இப்போது, அந்தப் பொறுப்புக்கான பயிற்சியை முதலிலிருந்து கடைசிவரை இருந்து முடித்தவர்கள் மட்டும் கையை வைத்திருங்கள். மற்றவர்கள் இறக்கலாம்.

...

பாருங்கள். நீங்களே திரும்பிப் பாருங்கள். அந்த மூலையில் ஓர் அம்மா. தூணுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணாச்சி. மேடையில் நான். வேறு யாருமில்லை.

இறங்கிய ஒவ்வொரு கைக்குப் பின்னாலும் ஒரு பள்ளி இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு சமையல்கட்டு இருக்கிறது. அங்கே நம்மை நம்பி, நமக்குத் தெரியும் என்று நம்பி, ஒருத்தி சோறாக்கிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு அவள் கேட்பாள், “நான் என்ன செய்யட்டும்?” என்று. என்ன சொல்லப்போகிறோம்? எதைச் சொல்லப்போகிறோம்? எந்தத் துணிவில் சொல்லப்போகிறோம்?

பத்துப் பொறுப்பைச் சுமப்பது திறமை என்று நமக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். நாமும் பெருமையாகச் சுமந்தோம். தெரியாது என்று சொன்னால் தகுதியில்லை என்பார்களோ என்று அஞ்சினோம். அந்த அச்சம்தான், அன்பர்களே, நம் தொழிலின் பெரிய நோய். கற்றுக்கொள்ள ஒரு நாள் கேட்டால் அது சலுகையாம்! கற்காமல் ஒரு பொறுப்பைத் தலையில் கட்டினால் அது நம்பிக்கையாம்! சொல்லித் தராமல் சுமத்துகிற பொறுப்புக்கு ஒரே ஒரு பெயர்தான் உண்டு: பழி. இன்றைக்குச் சுமத்தி வைத்துவிட்டு, என்றைக்கோ ஒருநாள் வசூலிக்கிற பழி.

ஆகவே இந்தக் கூட்டமைப்பின் சார்பில், தலைவர் ஐயாவின் அனுமதியோடு, ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறேன். பயிற்சி இல்லாமல் எந்தப் பாதுகாப்புப் பொறுப்பையும் நம்மில் ஒருவரும் ஏற்கமாட்டோம். பயிற்சி நாள் வேலை நாள். அந்த நாளில் நம்மை யாரும் திருப்பி அழைக்கக் கூடாது. இதை ஏற்க மறுக்கிற பள்ளியில் ஒருவருக்குத் துன்பம் வந்தால், நாம் எல்லோரும் அந்தப் பள்ளி வாசலில் போய் நிற்போம். ஏற்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.

நன்றி. நன்றி. முதியவர்கள் உட்காருங்கள், உங்கள் மனம் எங்களுக்குத் தெரியும்.

எழுந்து நிற்பது எளிது. நாளைக் காலை ஒன்று செய்ய வேண்டும், அதுதான் கடினம். அலுவலகத்துக்குப் போனதும் நேரே நிர்வாகியின் அறைக்குப் போய், நடுங்காமல், நாணாமல், “ஐயா, எனக்கு இது தெரியாது, சொல்லிக் கொடுங்கள்” என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். சிரிப்பார். சிரிக்கட்டும். வேறு ஆளை வைத்துக்கொள்வேன் என்பார். சொல்லட்டும்! அந்த வேறு ஆளும் நம்மில் ஒருவர்தான். அவரும் அதையே சொல்லட்டும்! ஒருவர் சொன்னால் குறை என்பார்கள். நூறு பேர் சொன்னால் குரல் என்பார்கள். ஊரெல்லாம் சொன்னால் விதி என்று எழுதுவார்கள்!

இவ்வளவு நேரம் இந்தக் கனத்தை என்னோடு சேர்ந்து தாங்கிய தலைவருக்கும், மழையையும் பொருட்படுத்தாமல் வந்த தாய்மார்களுக்கும், கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பொய்யில்லாமல் கை தூக்கிய, கை இறக்கிய என் சகபணியாளர்களுக்கும் நன்றி கூறி, சுடலைமாடத்தி என்ற அந்தத் தாயின் முன் தலை குனிந்து விடைபெறுகிறேன். வணக்கம்.